ரத்தம் சொல்லும் சாட்சி

ஓர் ஆட்டின் ரத்தத்தை எடுத்து இன்னோர் ஆட்டின் உடம்பில் செலுத்தினால் என்ன நேரும்? 1900-ஆம் ஆண்டு வாக்கில் ஜெர்மனியில் பால் எர்லிக் என்ற விஞ்ஞானி, மார்கன்ராத் என்னும் துணைவருடன் இதைச் செய்து பார்த்தார். ஊசி போடப்பட்ட ஆடு வந்த ரத்தத்தைப் பகையாகவே பாவித்தது. சில தினங்களில் அதன் ரத்த நீரில், அந்நிய ஆட்டின் சிவப்பு அணுக்களைக் கரைத்து அழிக்கும் எதிர்ப்பொருள் ஒன்று தோன்றிவிட்டது. ஆனால் அதே எதிர்ப்பொருள் அந்த ஆட்டின் சொந்த அணுக்களைத் தொடவேயில்லை. இரண்டும் ஒரே ஜாதி ஆடுகள்தாம். நம் கண்ணுக்கு இரண்டின் ரத்தத்துக்கும் வித்தியாசம் தெரியாது. ஆட்டின் உடம்புக்கு மட்டும் 'இது என்னுடையது, அது பிறருடையது' என்று தெரிந்திருக்கிறது!

எர்லிக் இதற்கு லத்தீனில் 'ஹாரர் ஆடோடாக்ஸிகஸ்' என்று பெயரிட்டார். தனக்குத்தானே விஷமாகிவிடுவோமோ என்று உடம்புக்கு உள்ள பேரச்சம் என்பது இதன் பொருள். அந்த விபரீதம் நேராதபடி தடுக்க ஏதோ ஓர் ஏற்பாடு உடம்பில் இருக்க வேண்டும் என்றுதான் அவர் சொன்னார். பின் வந்தவர்களோ, 'அது நேரவே நேராது' என்று அவர் சொன்னதாக எடுத்துக்கொண்டார்கள். பெரியவர்கள் சொன்னதில் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொள்ளும் வழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று என்று இதனால் தெரிகிறது.

இத்தனைக்கும் 1904-லேயே வியன்னா நகரில் டோனாத், லாண்ட்ஸ்டெய்னர் என்ற இருவர், நேரும் என்பதற்கு ஓர் உதாரணம் காட்டியிருந்தார்கள். குளிரில் போய் வந்ததும் சிறுநீர் கறுத்துப்போகும் அபூர்வ வியாதி ஒன்று உண்டு. அந்த நோயாளிகளின் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் குளிரவைத்துப் பிறகு சூடு காட்டினால், அவர்களுடைய ரத்த நீரே அவர்களுடைய சிவப்பு அணுக்களை உடைத்தது. ரத்த வகைகளைக் கண்டறிந்த அதே லாண்ட்ஸ்டெய்னர் செய்த பரிசோதனை இது. ஆயினும் இதை ஒரு விதிவிலக்கு என்று ஒதுக்கி வைத்தார்கள்.

சுமார் ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னர் அமெரிக்காவில் பப்பலோ நகரில் நோயல் ரோஸ் என்ற இளைஞர், முயல் ஒன்றின் தொண்டையிலுள்ள தைராய்டு சுரப்பியில் ஒரு பகுதியை வெட்டி எடுத்து, அதன் சாரத்தை அதே முயலுக்கு ஊசி மூலம் செலுத்தினார். முயல் தன் சுரப்பிக்கு எதிராகவே எதிர்ப்பொருளை உற்பத்தி செய்தது. அவருடைய ஆசிரியர் விடெப்ஸ்கி, எர்லிக்கின் சிஷ்ய பரம்பரையில் வந்தவர். அவரால் இதை நம்ப முடியவில்லை. திரும்பத் திரும்பச் செய்து பார்த்து, வேறு வழியின்றி ஒப்புக்கொண்டு, 1956-ல் இருவருமாக உலகுக்கு அறிவித்தார்கள். வேலியே பயிரை மேய்வதுண்டு என்பது அன்று முதல் வைத்திய சாஸ்திரத்தில் ஏற்கப்பட்ட உண்மையாயிற்று.

இவ்வகை வியாதிகளுக்கு ஆங்கிலத்தில் 'ஆட்டோ இம்யூன்' என்று பெயர். தமிழில் 'தன்னெதிர்ப்பு நோய்' என்று நாம் சொல்வோம். இதைவிட நல்ல சொல் கிடைத்தால் மாற்றிக்கொள்ளத் தடையில்லை. தைராய்டு போன்ற ஓர் உறுப்போடு நின்றுவிடுவது ஒரு வகை. தோல், மூட்டு, சிறுநீரகம், இருதயம், மூளை என்று சரீரம் முழுவதும் பரவுவது மற்றொரு வகை. இரண்டாம் வகையில் தலைசிறந்த உதாரணம் 'லூபஸ்'. லத்தீனில் இச்சொல்லுக்கு ஓநாய் என்று பொருள். பழைய ஐரோப்பிய வைத்தியர்களுக்கு முகத்தில் வரும் புண் ஓநாய் கடித்ததுபோல் தோன்றிற்றாம்.

லூபஸைப் பற்றி நம் குடும்பங்களில் அறிந்துகொள்ள வேண்டியதற்கு முதற் காரணம், இந்த நோய் கண்டவர் பத்துப் பேரில் ஒன்பது பேர் ஸ்திரீகள் என்பது. அதிலும் பெரும்பாலோர் பிள்ளை பெறும் வயதினர். அது அடையாளச் சீட்டுடன் வருவதில்லை. காலையில் விரல் மூட்டுகள் பிடித்துக்கொள்ளும். காரணமின்றி லேசான ஜுரம் அடிக்கும். வாயில் புண் வரும், தலைமயிர் கொட்டும், வெயிலில் நின்றால் தோல் சிவக்கும். சிலருக்கு மூக்கின் இரு புறமும் கன்னங்களில் பட்டாம்பூச்சி சிறகு விரித்ததுபோல் ஒரு சிவப்பு படரும். எல்லாவற்றுக்கும் மேலாக, எழுந்திருக்கவே முடியாத ஓர் அயர்ச்சி. ஒவ்வொன்றையும் தனித்தனியே பார்த்தால் அற்ப விஷயந்தான். ஆகவே, வீட்டிலே 'ரத்தம் போதவில்லை', 'தூக்கம் போதவில்லை' என்பார்கள். மருமகளாயிருந்தால் 'சோம்பல்' என்ற பட்டமும் கிடைக்கும். இப்படியே மாதங்களும் ஆண்டுகளும் போய்விடுகின்றன. அதற்குள் சிறுநீரகம் ஓசையின்றிக் கெட்டுக்கொண்டிருக்கக்கூடும்.

உடம்புக்குள் நடப்பது என்ன? நம் உடம்பில் நாள்தோறும் கணக்கற்ற உயிரணுக்கள் செத்துக்கொண்டிருக்கின்றன. அவற்றை உடனுக்குடன் விழுங்கி அப்புறப்படுத்தும் தோட்டி அணுக்களும் உண்டு. லூபஸில் இந்தத் துப்புரவு வேலை சரிவர நடப்பதில்லை. செத்த அணுக்களின் கருவிலிருந்து சிந்திய டி.என்.ஏ. முதலிய பொருள்கள் வெளியே கிடக்கின்றன. வைரஸ் கிருமிகளிடமும் இதே வகைப் பொருள்கள் உண்டாதலால், காவல் அணுக்கள் கிருமிதான் புகுந்துவிட்டது என்று மயங்கி, 'இன்டர்பெரான்' என்னும் அபாய அறிவிப்பைப் பரப்புகின்றன. 1957-ல் லண்டனில் ஐஸக்ஸ், லிண்டன்மன் என்ற இருவர் கண்டறிந்த பொருள் அது. விஷ ஜுரம் வந்தால் உடம்பை அடித்துப் போட்டாற்போல் இருக்கிறதல்லவா? அதற்கு இதுவும் ஒரு காரணம். லூபஸ் நோயாளிகளிற் பலருக்கு, கிருமியே இல்லாமல், இந்த அறிவிப்பு ஓயாமல் ஒலித்துக்கொண்டிருக்கிறது. அவர்களுடைய அயர்ச்சியைச் சோம்பல் என்பது எவ்வளவு பெரிய அநீதி என்று நேயர்களே யோசித்துக்கொள்ளலாம்.

அபாய அறிவிப்புக் கேட்டதும் 'பி' அணுக்கள் எதிர்ப்பொருளைத் தயாரிக்கின்றன. இந்த எதிர்ப்பொருளும் சிந்திக் கிடக்கும் கருப்பொருளும் ஒட்டிக் கட்டிகட்டியாகி, சிறுநீரகத்தின் மெல்லிய சல்லடையிலே போய்த் தங்குகின்றன. அங்கே 'காம்ப்ளிமென்ட்' என்ற துணைப் புரதங்கள் வந்து தாக்கத் தொடங்குகின்றன, சல்லடை புண்ணாகிறது, ரத்தத்தில் இருக்க வேண்டிய புரதம் சிறுநீரில் ஒழுகுகிறது.

எல்லோருக்கும் இப்படி நேராமல் தடுக்கும் ஏற்பாடுதான் எது? மார்பெலும்புக்குப் பின்னால் தைமஸ் என்று ஒரு சுரப்பி இருக்கிறது. அதை ஒரு பள்ளிக்கூடம் என்றே சொல்லலாம். ஆனால் அங்கே நடக்கும் பரீட்சை நம் பள்ளிக்கூடத்துப் பரீட்சையைவிடக் கொடியது. சொந்த உடம்பின் மேல் பாய முனையும் 'டி' அணுக்கள் அங்கேயே கொல்லப்படுகின்றன. அந்தப் பரீட்சையிலும் தப்பி வருவோர் உண்டு. அவர்களை வெளியிலே கட்டுப்படுத்தும் ஒரு தனிப் படை இருப்பதை ஜப்பானியரான ஷிமோன் ஸககுச்சி 1995-ல் காட்டினார். பிறந்து மூன்றே நாளான சுண்டெலிக்குத் தைமஸை எடுத்துவிட்டால் பின்னால் அதற்குத் தன்னெதிர்ப்பு நோய் வருகிறது என்ற பழைய பரிசோதனையிலிருந்து அவர் இந்த இடத்துக்கு வந்தார். அந்தப் படையை ஆக்கும் மரபணுவை அமெரிக்காவில் மேரி பிரங்கோ, பிரெட் ராம்ஸ்டெல் என்ற இருவரும் 2001-ல் கண்டறிந்தார்கள். 2025-ஆம் ஆண்டு வைத்தியத்துக்குரிய நோபெல் பரிசு இம்மூவருக்கும் அளிக்கப்பட்டது. எர்லிக் 'ஏதோ ஓர் ஏற்பாடு' என்றாரே, அதன் ஒரு பகுதி துலங்க ஏறக்குறைய நூறு ஆண்டுகள் ஆயின.

இனி, ரத்தம் சொல்லும் சாட்சிக்கு வருவோம். அமெரிக்காவில் ராச்செஸ்டர் நகரில் மேயோ கிளினிக் என்ற புகழ்பெற்ற வைத்திய ஸ்தாபனம் இருக்கிறது. அங்கே ஹார்கிரேவ்ஸ் என்ற டாக்டரும் அவர் தோழர்களும் எலும்பு மஜ்ஜையைப் பூதக்கண்ணாடியில் பார்க்கையில், ஒரு வெள்ளை அணு மற்றோர் அணுவின் கருவை முழுசாய் விழுங்கி வைத்திருக்கக் கண்டார்கள். அம்மாதிரி அணு லூபஸ் நோயாளிகளிடமே மிகுதியாகக் காணப்பட்டது. 1948-ல் இதை வெளியிட்டார்கள். அதே ஆண்டு, அதே ஸ்தாபனத்தில், பிலிப் ஹென்ச் என்ற டாக்டர் மூட்டு வாதத்தால் முடங்கிக் கிடந்த ஒரு பெண்மணிக்குக் 'கார்டிசோன்' ஊசி போட்டார். சில தினங்களில் அவர் எழுந்து நடந்தார். நோயின் அடையாளமும் அதை அடக்கும் மருந்தும் ஒரே கூரையின் கீழ் ஒரே ஆண்டில் கிட்டியது வைத்திய சரித்திரத்தில் அபூர்வம்.

1957-க்குப் பிறகு, ஒளிரும் சாயம் கொண்டு கருவுக்கு எதிரான எதிர்ப்பொருளை நேரே பார்க்கும் முறை வந்தது. 'ஏ.என்.ஏ.' என்று இன்று டாக்டர்கள் எழுதிக் கொடுக்கும் பரிசோதனை அதுதான். கண்ணாடித் தகட்டில் வளர்த்த உயிரணுக்களின் மேல் நோயாளியின் ரத்த நீரை ஊற்றி, சாயமிட்டுப் பார்த்தால் கருக்கள் பச்சையாக ஒளிரும். ரத்த நீரை 40 மடங்கு, 80 மடங்கு, 160 மடங்கு என்று நீர்த்துக்கொண்டே போவார்கள். எது வரையில் ஒளிர்கிறதோ அதுவே கணக்கு.

லூபஸ் உள்ளவர்களிற் பெரும்பாலோருக்கு இது ஒளிரும். ஆனால் ஒளிர்பவர்களுக்கெல்லாம் லூபஸ் என்பதில்லை. பல நாட்டுப் பரிசோதனைச் சாலைகள் சேர்ந்து 1997-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், திடகாத்திரமாயிருந்தவர்களின் ரத்தத்தையே சோதித்தார்கள். 40 மடங்கு நீர்த்த நிலையில் நூற்றுக்கு 31.7 பேருக்கும், 80 மடங்கில் 13.3 பேருக்கும், 160 மடங்கில் 5 பேருக்கும் ஒளிர்ந்தது. ஒரு வியாதியும் இல்லாதவர்களில் மூன்றில் ஒருவருக்குக் குறைந்த கணக்கில் 'உண்டு' என்று சீட்டு வரும் என்றால், அந்தச் சீட்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டு இரவெல்லாம் விழித்திருப்பதில் என்ன பயன்? உபாதை எதுவும் இல்லாதவருக்கு இந்தப் பரிசோதனையைச் செய்து பார்ப்பது பயத்தை விலைக்கு வாங்குவது என்பதே நமது அபிப்பிராயம்.

ஆனால் சாட்சி பொய்யென்று தள்ளிவிடவும் முடியாது. அமெரிக்க ராணுவத்தார் தங்கள் சிப்பாய்களின் ரத்த நீரை அவ்வப்போது எடுத்து உறைய வைத்துச் சேமித்து வருகிறார்கள். அவர்களில் பின்னாளில் லூபஸ் கண்ட 130 பேரின் பழைய ரத்த நீரைத் தேடியெடுத்துச் சோதித்த முடிவு 2003-ல் வெளிவந்தது. 115 பேருக்கு, நோய் இன்னதென்று தெரிவதற்கு முன்பே ஏதேனும் ஓர் எதிர்ப்பொருளாவது ரத்தத்தில் இருந்தது. சராசரியாக 3.3 ஆண்டுகள் முன்பு, ஒருவருக்கு 9.4 ஆண்டுகள் முன்பு! வந்த வரிசையிலும் ஒரு கிரமம் இருந்தது. ஏ.என்.ஏ. போன்றவை முதலில், டி.என்.ஏ.வுக்கு எதிரானது அதன் பிறகு. லூபஸுக்கே மிகவும் உரியதென்று கருதப்படும் 'ஸ்மித்' எதிர்ப்பொருள் கடைசியில், நோய் தெரிவதற்குச் சற்று முன்னதாக.

ஆகவே, தேர்ந்த மூட்டு வாத நிபுணர் ஒரே சாட்சியை வைத்துத் தீர்ப்புச் சொல்வதில்லை. 2019-ல் ஐரோப்பிய, அமெரிக்க நிபுணர்கள் வகுத்த அளவுகோலில், 80 மடங்கில் ஏ.என்.ஏ. ஒளிர்வது வாசற்கதவு மாத்திரமே. அதைத் தாண்டிய பிறகு ஜுரம், மூட்டு, தோல், சிறுநீரகம் என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டு, பத்துக்குக் குறையாமல் வந்தால்தான் லூபஸ் என்று வகைப்படுத்துகிறார்கள். நோய் உறுதியான பிறகும் சாட்சிகளுக்கு வேலை உண்டு. டி.என்.ஏ.வுக்கு எதிரான எதிர்ப்பொருள் ஏறி, சி3, சி4 என்ற காம்ப்ளிமென்ட் புரதங்கள் செலவழிந்து குறைந்தால், பலருக்கு நோய் மறுபடியும் தலைதூக்குகிறது என்று அர்த்தம். மற்றொரு விசித்திரம்: ரத்தம் படியும் வேகம் லூபஸில் பெரும்பாலும் ஏறிவிடும், சி.ஆர்.பி. என்ற புரதமோ அவ்வளவாக ஏறாது. அது மிகவும் ஏறியிருந்தால், கிருமி ஏதேனும் புகுந்திருக்கிறதா என்று டாக்டர் தேடுவார்.

இத்தனை உயர்ந்த பரிசோதனைகளுக்கு நடுவில் எளியது ஒன்றை மறந்துவிடலாகாது. அது சிறுநீர்ப் பரிசோதனை. புரதம் ஒழுகுகிறதா என்று பார்க்க அதிகச் செலவில்லை. கால் வீங்கும்வரை, சிறுநீர் நுரைக்கும்வரை காத்திராமல், லூபஸ் உள்ளவர் அவ்வப்போது இதைச் செய்துகொண்டால் சிறுநீரகம் பிழைக்கும்.

1950-களில் அமெரிக்காவில் லூபஸ் என்று தெரிந்த நோயாளிகளில், நான்கு ஆண்டுகளுக்குப் பின் உயிரோடிருந்தவர் ஏறத்தாழப் பாதிப் பேர்தான். நல்ல சிகிச்சை கிடைக்கும் இடங்களில் இன்று நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் ஐந்து ஆண்டுகளைத் தாண்டி வாழ்கிறார்கள். மலேரியாவுக்கென்று பிறந்த மருந்து வகையைச் சேர்ந்த ஹைட்ராக்ஸிகுளோரோக்வின் இதில் பெரும் பங்கு வகிக்கிறது. அதை உண்போர் கண்ணை மட்டும் குறித்த காலத்தில் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். உடம்பு தேறிற்று என்று தாமாகவே மருந்தை நிறுத்துவது ஆபத்து. 2021-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அனிப்ரோலுமாப் என்ற மருந்து, முன் சொன்ன இன்டர்பெரான் அறிவிப்பையே காதில் விழாமல் தடுக்கிறது.

எர்லிக் ஆராய்ச்சி செய்த தேசத்திலிருந்து 2022-ல் வந்த செய்தி எல்லாவற்றையும்விட வியப்பானது. ஜெர்மனியில் எர்லாங்கன் நகரத்து வைத்தியர்கள், எம்மருந்துக்கும் அடங்காத லூபஸ் கொண்ட ஐந்து இளைஞர்களின் டி அணுக்களை வெளியே எடுத்து, பி அணுக்களை மட்டும் தேடி அழிக்கும்படி மாற்றியமைத்து, மீண்டும் அவர்கள் உடம்பிலேயே செலுத்தினார்கள். மூன்று மாதங்களில் ஐவருக்கும் நோய் அடங்கிற்று; மற்ற மருந்துகளை நிறுத்தினார்கள்; டி.என்.ஏ.வுக்கு எதிரான எதிர்ப்பொருளும் மறைந்தது. ஐந்து பேர் என்பது சிறு தொகைதான். செலவும் மிகப் பெரிது. ஆயினும் சுமார் 110 நாட்கள் கழித்து அவர்கள் உடம்பில் பி அணுக்கள் புதிதாக முளைத்து வந்தபோது, டாக்டர்கள் கவலையுடன் சோதித்துப் பார்த்தார்கள். வந்தவை இன்னும் எந்தப் பகையும் கற்காத இளம் அணுக்கள். அவற்றோடு நோய் திரும்பி வரவில்லை.