பூர்வ வியாதி

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கிவிட்டால் தென்காசிவாசிகளுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. மூன்று மைல் தூரந்தானே! காலையில் பேரருவி, மாலையில் ஐந்தருவி, நடுவில் சுடு சாதமும் துவையலும் என்று நாட்கள் கழியும். அருவியிடத்தில் ஒரு விசேஷம் உண்டு. அதன் கீழே தலையைக் கொடுப்பதற்கு முன்னால், "உமக்கு வயது என்ன? ஆஸ்பத்திரியில் படுத்ததுண்டா? தற்சமயம் என்ன மருந்து சாப்பிடுகிறீர்?" என்று அது யாரையும் கேட்பதில்லை.

சென்ற ஆடி மாதத்தில் ஒரு நாள் நம் தமக்கையார் ஐந்தருவியில் நீராடிவிட்டு வந்தார். மூன்று வருஷத்துக்குப் பிறகு அன்றுதான் அவர் அருவியில் தலை நனைத்தது. மார்பகப் புற்று நோய்க்காக அறுவை சிகிச்சை, மருந்து ஏற்றுதல், கதிர் வைத்தியம் என்று திருவனந்தபுரத்துக்கும் தென்காசிக்குமாக ஒரு வருஷம் அலைந்தவர் அவர். செங்கோட்டை, ஆரியங்காவு, புனலூர் வழியில் எந்த வளைவில் பஸ் எப்படிக் குலுங்கும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். கொட்டிப் போன கூந்தல் மறுபடி வளர்ந்து, கொண்டையாக முடிகிற அளவுக்கு வந்திருந்தது. அதைத் துவட்டிக்கொண்டே அவர் நம்மைப் பார்த்து, "தம்பி, அருவியிலே நிற்கப் பயமாயில்லை. அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடத்தான் பயமாயிருக்கிறது" என்றார்.

அந்தக் காகிதத்தின் கதையைத்தான் நேயர்களுக்குச் சொல்லப் போகிறோம்.

தமக்கையாரின் ஒரே மகள் ஜெர்மனியில் முனிச் நகரத்தில் குடித்தனம் செய்கிறாள். அவளுக்குத் தலைப் பிரசவம். தாயார் போகாமல் இருக்க முடியுமா? ஆனால் ஐரோப்பாவில் "ஷெங்கன்" என்று சொல்லப்படும் தேசங்களுக்குள் நுழைவதற்கு விஸா வேண்டுமென்றால், குறைந்தது 30,000 யூரோ வைத்தியச் செலவுக்குப் பிரயாண இன்ஷியூரன்ஸ் எடுத்துக் காட்ட வேண்டும். அவசர சிகிச்சைக்கும், ஆபத்து நேர்ந்தால் ஊருக்குத் திருப்பி அனுப்புவதற்கும் அந்தத் தொகை ஈடு. தென்காசிக்காரர் நிஜக் காசிக்குப் போவதானால் இந்தத் தொல்லை இல்லை. ரயில் டிக்கெட்டுடன் ஐம்பது பைசாவுக்கும் குறைவான கட்டணத்தில் ஓர் இன்ஷியூரன்ஸ் கிடைக்கிறது. உடம்பைப் பற்றி ஒரு கேள்வி கிடையாது. அது ரயில் விபத்துக்கு மட்டுமே பணம் கொடுக்கிறது. ரயில் கவிழ்வதற்கும் நம் தேக நிலைக்கும் சம்பந்தமில்லை அல்லவா?

கடல் கடக்கும் பாலிஸியோ தேகத்தைப் பற்றியது. ஆகவே கேள்விகள் உண்டு. "புற்று நோய் இருந்ததா? தற்சமயம் சிகிச்சையில் இருக்கிறீர்களா? தினந்தோறும் மருந்து உட்கொள்கிறீர்களா?" இந்த மூன்றாவது கேள்விதான் வெகு விஷமமானது. மார்பகப் புற்று நோயில் ஒரு வகைக்கு, சிகிச்சையெல்லாம் முடிந்த பின்னும் ஐந்து வருஷமோ அதற்கு மேலுமோ தினம் ஒரு ஹார்மோன் மாத்திரை சாப்பிட வேண்டியிருக்கிறது. நோய் போய்விட்டது, மாத்திரை போகவில்லை. இதற்கு "ஆம்" என்று எழுதுவதா, "இல்லை" என்று எழுதுவதா?

ஏஜெண்டு ஒருவர் வீட்டுக்கே வந்தார். வெற்றிலை போட்டுக்கொண்டு வெகு சரளமாகப் பேசினார். "ஸார், விஸா ஆபீஸில் பாலிஸி இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள், உள்ளே என்ன இருக்கிறது என்றா படிக்கப் போகிறார்கள்? எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று போட்டுவிடுங்கள் அம்மா. ஐந்து நிமிஷத்தில் வேலை முடியும்" என்றார். அவர் சொன்னதில் பாதி உண்மை. பாலிஸி வாங்குவது கஷ்டமில்லை. வாங்கின பாலிஸி வேளைக்கு உதவுமா என்பதுதான் கஷ்டம்.

தமக்கையாருக்கு அந்த "இல்லை"யில் ஒரு சபலம் தட்டிற்று என்பதை மறைப்பானேன்? காரணம் பணமன்று. அவருடைய நோயைப் பற்றிச் சம்பந்தி வீட்டாருக்கு அதுவரை தெரியாது. மகளின் கல்யாணம் நிச்சயமாகி இரண்டு மாதத்தில் நோய் கண்டது. தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம், "நாத்தனாருக்கு உடம்பு சரியில்லை, துணைக்குத் திருவனந்தபுரம் போகிறேன்" என்று சொல்லி வைத்தார். கல்யாணத்தன்று சவுரி வைத்துக்கொண்டு மணையில் நின்றார். இப்போது பாலிஸிப் பிரதி மாப்பிள்ளையின் கைக்குப் போக வேண்டும். அவர்தானே அழைப்புக் கடிதத்துடன் சகல தஸ்தாவேஜுகளையும் சேர்க்கிறவர்! ஒளித்து வைத்ததெல்லாம் ஒரு வரியில் வெளியாகிவிடும்.

இந்த ஒளிவு மறைவு நம் சமூகத்துக்குப் புதிதன்று. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923-ம் வருஷத்தில் புற்று நோயால் காலமானார். அந்தத் துயரமே பிற்பாடு, 1954-ல், அடையாற்றில் புற்று நோய் ஆஸ்பத்திரியாக உருவெடுத்தது. அந்தக் காலத்தில் இந்த வியாதி வந்தவர்களுக்கு ஒரே ஒரு பிரயாணந்தான் பாக்கி என்று ஜனங்கள் நினைத்தார்கள். இப்போது வியாதி குணமாகி, பேரக் குழந்தையைப் பார்க்க ஆகாய விமானம் ஏறுகிறார்கள். வைத்தியம் வெகு தூரம் முன்னே போய்விட்டது. கம்பெனிகளின் விண்ணப்பத் தாள் பின்னாலேயே நிற்கிறது.

நாம் ஒரு வாரம் பள்ளிக்கூடப் பரீட்சைத் தாள்களை ஒதுக்கிவிட்டுப் பாலிஸி ஷரத்துக்களைப் படித்தோம். பொடி எழுத்தில் இருபது பக்கம். ஏறக்குறைய எல்லாவற்றிலும் "முன்பே உள்ள நோய்" என்று ஒரு விலக்கு உண்டு. பூர்வ ஜன்மப் பாவத்தைப் போல இந்தப் பூர்வ வியாதி ஒருவரை விட்டு எளிதில் நீங்குவதில்லை. பாலிஸிதாரர் முனிச்சில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டால் கம்பெனி பணம் கொடுக்கும். பழைய நோயே திரும்பி வந்தால் கொடுக்காது. சில கம்பெனிகள் மட்டும், உயிருக்கு ஆபத்தான நிலையில், ஒரு வரம்புக்கு உட்பட்டுப் பழைய நோய்க்கும் கொடுக்க முன்வருகின்றன.

உள்நாட்டு வைத்திய இன்ஷியூரன்ஸில் இந்த நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. இன்ஷியூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2024-ல் செய்த விதிகளின்படி, பூர்வ வியாதிக்குக் காத்திருக்க வேண்டிய காலம் மூன்று வருஷத்துக்கு மேற்படக் கூடாது. ஐந்து வருஷம் விடாமல் பணம் கட்டினவரிடம், மோசடி என்று நிரூபித்தாலொழிய, "நீ அன்றைக்கு இதைச் சொல்லவில்லை" என்று கம்பெனி வாதாட முடியாது. நல்ல காரியந்தான். ஆனால் முப்பது நாள் பிரயாணப் பாலிஸிக்கு மூன்று வருஷம் எப்படிக் காத்திருப்பது? பேரன் பள்ளிக்கூடத்தில் சேர்ந்துவிடுவானே!

அப்படியிருக்க, "ஆம்" என்று எழுதுவதால் என்ன லாபம்? இங்கேதான் சுப்ரீம் கோர்ட்டின் ஒரு தீர்ப்பு நமக்கு அகப்பட்டது. ஒரு பிரயாணி அமெரிக்காவுக்குப் போக, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட யுனைடெட் இந்தியா கம்பெனியில் 2009-ல் பாலிஸி எடுத்தார். தமக்கு நீரிழிவு உண்டென்று சொன்னார். வைத்திய பரிசோதனையும் நடந்தது. அமெரிக்காவில் இறங்கினதும் மாரடைப்பு. ஆஸ்பத்திரிச் செலவைக் கேட்டபோது, முந்தைய வியாதியை முழுதும் சொல்லவில்லை என்று கம்பெனி மறுத்தது. வழக்கு பல வருஷம் நடந்து, 2021 டிசம்பர் 6-ந் தேதி நீதிபதிகள் சந்திரசூட்டும் நாகரத்தினாவும் பிரயாணிக்கு அனுகூலமாகத் தீர்ப்புக் கூறினார்கள். தேக நிலையை அறிந்து பாலிஸி கொடுத்த பின்பு, விண்ணப்பத்தில் சொன்ன அதே வியாதியைக் காட்டி மறுக்கக் கூடாது என்பது அதன் சாரம். மறைத்தவர்களுக்கோ இந்தப் பாதுகாப்பு இல்லை. சிறுநீரக வியாதியை மறைத்த ஒருவர் விஷயத்தில், 2009-ல் அதே கோர்ட்டு கம்பெனியின் பக்கம் தீர்ப்பளித்திருக்கிறது.

புற்று நோய் கண்டவருக்கு இது வெகு முக்கியம். அயல் நாட்டில் சாதாரண நிமோனியா ஜுரம் வந்தாலும், "இது பழைய நோயின் விளைவு" என்று கம்பெனி சொல்லக்கூடும். அப்போது முன்னாலேயே சொல்லியிருக்கிறோம், டாக்டர் கடிதமும் இருக்கிறது என்றால் வாதாட இடமுண்டு. கம்பெனி மறுத்தாலோ, ஒரு மாதம் பதில் சொல்லாமல் இருந்தாலோ, சென்னையில் உள்ள இன்ஷியூரன்ஸ் ஆம்புட்ஸ்மனிடம் முறையிடலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டியதில்லை, மறுத்த ஒரு வருஷத்துக்குள் எழுத வேண்டும். "இல்லை" என்று பொய் எழுதினவருக்கு அங்கே போவதற்குக் கால் எழும்புமா?

பிற தேசங்களில் என்ன செய்கிறார்கள் என்றும் பார்த்தோம். இங்கிலாந்தில் ஒருவருடைய வியாதி காரணமாகப் பிரயாண இன்ஷியூரன்ஸை மறுக்கும் கம்பெனி, அத்தகையவர்களுக்குப் பாலிஸி கொடுக்கும் வேறு கம்பெனிகளின் ஜாபிதாவைக் காட்ட வேண்டும் என்று 2021 முதல் விதி இருக்கிறது. பிரான்ஸில் 2016-ல் ஒரு சட்டம் வந்தது. சிகிச்சை முடிந்து குறிப்பிட்ட காலம் நோய் திரும்பாதவர், கடன் இன்ஷியூரன்ஸுக்கு அந்தப் பழைய நோயைச் சொல்லவே வேண்டாம். அந்தக் காலத்தை 2022-ல் ஐந்து வருஷமாகக் குறைத்தார்கள். அது வீட்டுக் கடன் முதலியவற்றுக்குத்தான், பிரயாணத்துக்கு அன்று. இருந்தாலும் வியாதியை மறக்க ஒருவருக்கு உரிமை உண்டு என்று ஒரு தேசம் சட்டம் இயற்றியதைப் படித்தபோது நமக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது.

கடைசியில் தமக்கையார் மூன்று கேள்விக்கும் "ஆம்" என்றே எழுதினார். ஏஜெண்டு தலையைச் சொறிந்தார். இரண்டு கம்பெனிகள் முடியாது என்றன. மூன்றாவது கம்பெனி டாக்டரிடமிருந்து பிரயாணத் தகுதிச் சான்று வாங்கிக்கொண்டு, புற்று நோயை விலக்கி, மற்றதற்கெல்லாம் பாலிஸி கொடுத்தது. விலக்கிய பாகத்துக்கு ஈடாக அத்தான் பாங்கியில் ஒரு தொகையைத் தனியாகப் போட்டு வைத்தார். நீண்ட நேர விமானப் பிரயாணத்தில் காலில் இரத்தம் உறையக்கூடும், இந்த நோய் கண்டவர்களுக்கு அந்த அபாயம் சற்று அதிகம் என்பதால், மணிக்கு ஒரு தடவை எழுந்து நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

சம்பந்தி அம்மாள் விஷயம் தெரிந்து அம்பாசமுத்திரத்திலிருந்து நேரே புறப்பட்டு வந்தார். நோயைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. "என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் சவுரி வைத்துக்கொண்டு நின்றீர்களே!" என்று மட்டும் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த வருத்தம் அவருக்கு இன்னும் முழுதும் தீரவில்லை என்றே தோன்றுகிறது.

ஐப்பசி மாதம் ஒரு மாலையில் தமக்கையார் பொதிகை எக்ஸ்பிரஸில் சென்னைக்கு ஏறினார். கைப்பையில் மூன்று மாதத்து மாத்திரை, டாக்டர் சீட்டு, வைத்திய விவரம் எழுதிய தாள், பாலிஸி, கம்பெனியின் டெலிபோன் நம்பர். இவற்றுக்கு நடுவே பெண்ணின் பத்தியத்துக்காக ஒரு பாட்டில் நெய்யும் இருந்தது. பால் பொருள்களை வெளியிலிருந்து கொண்டுவர ஐரோப்பாவில் தடை உண்டு என்று நாம் எடுத்துச் சொன்னோம். "அதையும் விண்ணப்பத்தில் கேட்டிருந்தால் 'ஆம்' என்று எழுதியிருப்பேனே, தம்பி!" என்று சொல்லிக்கொண்டே பாட்டிலை எடுத்து ஜன்னல் வழியாக நம் கையில் கொடுத்தார். வண்டி நகர்ந்தது.