வீட்டுக் கராஜில் ஒரு ரேலி கார்: கணக்குக் கொப்பி சொல்வது

"காக்கா, இதில் என்ன மிஞ்சும்?" காத்தான்குடிக் கடைத்தெருவில் இந்தக் கேள்வியை என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. மூன்று வருடங்களாக என் வீட்டுப் பின்வளவில், தகரக் கூரை போட்ட கராஜில், பத்தடி நீளமான சிவப்புக் கார் ஒன்றைக் கட்டி வருகிறேன். 1964இல் மொண்டி கார்லோ ரேலியில் வென்ற மினி கூப்பர் எஸ் காரின் பிரதி அது. இப்பக்கத்தை வாசிப்பவர்கள் பெரும்பாலும் கடை நடத்துபவர்கள், சிறு தொழில் செய்பவர்கள். ஆகவே காரின் அழகைப் பற்றிக் குறைவாகவும், அதில் முடங்கிய பணத்தைப் பற்றிக் கூடுதலாகவும் எழுதுகிறேன்.

முதலில் அசல் எது என்பதைச் சொல்லிவிட வேண்டும். 1956இல் சூயஸ் கால்வாய் நெருக்கடி வந்தபோது இங்கிலாந்தில் பெற்றோலுக்குப் பங்கீடு வந்தது. குறைந்த எண்ணெயில் நாலு பேர் போகும் சிறிய கார் ஒன்று வேண்டுமென்று பிரிட்டிஷ் மோட்டார் கோர்ப்பரேஷன் முடிவெடுத்தது. அதை வடிவமைத்தவர் அலெக் இசிகொனிஸ். உஸ்மானியர் ஆட்சிக்குட்பட்டிருந்த இஸ்மிர் துறைமுக நகரத்தில் பிறந்தவர் அவர். நமது நாட்டு வீதிகளில் இன்றும் ஓடும் மொரிஸ் மைனரும் அவருடைய கைவண்ணமே. மினி 1959 ஆகஸ்ட் மாதம் வெளிவந்தது. இஞ்சினைக் குறுக்காகத் திருப்பி வைத்து, கியர் பொக்ஸை அதன் அடியிலேயே சேர்த்துவிட்டதால் முன்பக்கம் சுருங்கி, ஆட்கள் உட்கார இடம் கிடைத்தது.

அந்த எளிய காருக்குப் பந்தய இஞ்சின் போடலாமென்று சொன்னவர் பந்தயக் கார் கட்டுனரான ஜோன் கூப்பர். 850 சீசீ மினியின் வலு 34 குதிரைவலு. 1071 சீசீ கூப்பர் எஸ் காருக்கு 70. அந்த 1071 சீசீ காரில்தான், ரஷ்யப் பக்கமிருந்த மின்ஸ்க் நகரிலிருந்து புறப்பட்டு, பெடி ஹொப்கேர்க்கும் ஹென்றி லிடனும் 1964 ஜனவரியில் மொண்டி கார்லோவை வென்றார்கள். இரண்டாவதாக வந்தது 4.7 லீற்றர் இஞ்சினுடைய ஃபோர்ட் ஃபல்கன். இஞ்சின் அளவைக் கணக்கில் எடுக்கும் புள்ளிமுறை சிறிய காருக்கு உதவியது உண்மைதான். ஆனாலும் பனி வீதியில் அந்தப் பெரிய காரின் பக்கத்தில் இது ஓடிய ஓட்டம் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. 1965இலும் 1967இலும் மினியே வென்றது. 1966இல் முதல் மூன்று இடங்களையும் மினி பிடித்த பிறகு, முன்விளக்கு விதிக்கு மாறானது என்று சொல்லித் தள்ளிவிட்டார்கள். அந்த வழக்கை இன்றும் பேசித் தீர்க்காதவர்கள் உண்டு.

ஹொப்கேர்க் ஓட்டிய, 33 ஈ.ஜே.பி. என்ற இலக்கமுடைய கார் இங்கிலாந்தின் அரும்பொருட் சேகரிப்பில் இருக்கிறது. ஆகவே சிவப்பு உடலும் வெள்ளைக் கூரையும் கதவில் 37 என்ற எண்ணுமாக வேறெங்கே பார்த்தாலும் அது பிரதிதான். என்னுடையதும் அப்படியே. வீதியில் ஓடுவதற்கு அதற்கு நம் நாட்டுப் பதிவிலக்கம்தான்.

லான்சரில் செய்திருக்கலாமே என்று சிலர் கேட்டார்கள். கிழக்கு ஆபிரிக்கச் சஃபாரி ரேலியை 1974இலும் 1976இலும் ஜோகிந்தர் சிங் என்ற கென்யச் சீக்கியர் லான்சரில் வென்றார் என்பது நம்மவர்களுக்குப் பிடித்த கதை. ஆனால் அவர் ஓட்டியது முதல் தலைமுறை இரண்டு கதவு லான்சர். நம் ஊரில் மலிந்து கிடக்கும் பொக்ஸ் லான்சர் அதற்கு அடுத்தது. அதில் சிங்கின் காரைச் செய்தால் அது பிரதியல்ல, மாறுவேடம். மினியில் எனக்கு இன்னொரு வசதி இருந்தது. வெறும் பொடியை ஆறு பொடியன்கள் தூக்கி நகர்த்திவிடலாம். வீட்டுக் கராஜுக்கு இதைவிடப் பொருத்தமான கார் இல்லை.

இனி வேலைக்கு வருவோம். 1964ஆம் ஆண்டுக் காரைச் செய்வதென்றால் கதவின் கீல் வெளியே தெரியும், கண்ணாடி பக்கவாட்டில் தள்ளித் திறக்கும் பழைய பொடியே வேண்டும். 1969க்குப் பிந்திய பொடியில் கீல் உள்ளே போய்விட்டது. நான் வாங்கியது பழைய ஸ்ரீ இலக்கம் கொண்ட 850. புத்தகம் சுத்தம். சேஸி இலக்கம் புத்தகத்துடன் பொருந்தியது. விலை பேசுமுன் நான் பார்த்தது அதைத்தான், பெயின்ற்றை அல்ல. பெயின்ற்றுக்குக் கீழே என்ன இருக்கும் என்பது நம் ஊரில் பிறந்தவனுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கிழக்கே கடல், மேற்கே 50 கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கும் வாவி. இரண்டுக்கும் நடுவில் உள்ள மணல் திடலில் நாம் குடியிருக்கிறோம். சோளகம் அடித்தாலும் வாடை அடித்தாலும் உப்புக் காற்றுத்தான். கேற்றுக்கு அடித்த பெயின்ற் இரண்டு மாரிக்குள் உரிவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். மினியோ துருவுக்கென்றே செய்த கார் போன்றது. தகடுகளைச் சேர்த்த விளிம்புகள் வெளியே நிற்கின்றன. கதவுக்கு அடியில் ஓடும் சில் தகடு உள்ளே வெறும் குழாய். மணலும் ஈரமும் அதற்குள் புகுந்தால் வெளியே வர வழியில்லை. பின்சக்கரங்களைத் தாங்கும் சப்பிரேம் உள்ளிருந்து உக்கிவிடும். பற்றறி டிக்கியின் தரையில் ஒரு பள்ளத்தில் இருப்பதால் அந்த இடத்தை அசிற் தின்றுவிடும். என் காரில் இவை எல்லாமே போயிருந்தன. மேலே ஒரு விரல் தடிப்புக்குக் கெட்டலோய் பூசி மினுக்கியிருந்தார்கள். காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றித் தடவிப் பாருங்கள். ஒட்டாத இடமெல்லாம் இரும்பு இல்லாத இடம். பழைய வாகனம் வாங்கும் எவருக்கும் இந்தக் காந்தம் ஒரு தரகரைவிட நம்பகமானது.

சில் தகட்டை வெட்டுமுன் கதவு வாசலில் குறுக்குக் குழாய் பற்றவைத்துத் தாங்க வேண்டும். இல்லாவிட்டால் பொடி நடுவில் தொய்ந்து, பிறகு எந்தக் கதவும் பொருந்தாது. தகடு ஒரு மில்லிமீற்றர் தடிப்புக்கூட வராது. கேஸ் வெல்டிங்கில் சூடு பரவி அப்பளம் போல நெளியும். மிக் வெல்டரில் புள்ளி புள்ளியாகப் பிடித்து, ஒவ்வொரு புள்ளியும் ஆறவிட்டு, அடுத்ததைத் தள்ளிப் பிடித்தால்தான் நேராக நிற்கும். எங்கள் டிங்கர் பாஸ் கேற்றும் கிறில்லும் செய்து பழகியவர். முதல் சில் தகட்டுக்கு மூன்று நாள் எடுத்தார், இரண்டாவதற்கு ஒன்றரை நாள். அந்த வித்தியாசத்தைக் கவனித்து வையுங்கள், பின்னால் அதற்கு வருகிறேன். மூடிய பகுதிகளுக்குள் துத்தநாக பிரைமரும், கடைசியில் மெழுகும் அடித்தோம். மாரியில் பெயின்ற் அடிப்பதில்லை என்று முடிவெடுத்ததால் இரண்டு தடவை நாலைந்து மாதங்கள் வேலை அப்படியே நின்றது. இஷாவுக்குப் பிறகு கிறைண்டர் ஓட்டுவதில்லை என்பது அயல்வீட்டாருடன் செய்த உடன்படிக்கை. சுவரோடு சுவர் ஒட்டிய ஊரில் இதுவும் ஒரு செலவுதான்.

இஞ்சின் விடயத்தில் நமக்கு அதிர்ஷ்டம் உண்டு. மினியின் இஞ்சின் குடும்பமே மொரிஸ் மைனரிலும் எம்.ஜி. மிட்ஜெற்றிலும் ஒஸ்டின் 1300இலும் வந்தது. எல்லாம் அப்படியே மாறிப் பொருந்தாது, மினியினுடையது குறுக்காக நிற்பது. ஆனாலும் கொழும்பு பஞ்சிகாவத்தையில் பொறுமையாகத் தேடினால் உள்பாகங்களில் கணிசமானவை கிடைக்கின்றன. 1071 இஞ்சின் கிடைப்பது அரிது என்பதால் 1275ஐ எடுத்தேன். இஞ்சின் மாறினால் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதைப் பதிவில் மாற்ற வேண்டும். அதைச் செய்யாமல் விட்டால் நாளைக்கு விற்கும்போது விலையில் கை வைப்பார்கள். பிரேக்கில் ஒரு எச்சரிக்கை. கூப்பர் எஸ் காரின் முன் டிஸ்க் ஏழரை அங்குலம், 10 அங்குல ரிம்முக்குள் அடங்கும். 1984க்குப் பிந்திய மினியின் டிஸ்க் 8.4 அங்குலம், அதற்கு 12 அங்குல ரிம் வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதென்று பிந்தியதை வாங்கினால் காரின் தோற்றமே மாறிவிடும். இரட்டைக் காபரேட்டரும் சரியான டிஸ்க்கும் வெளிநாட்டிலிருந்துதான் எடுத்தேன். அடித்தகடு, விளக்குத் தாங்கி, சீற், வயரிங் எல்லாம் ஊரிலேயே செய்தது.

கொப்பியைத் திறக்கிறேன். மொத்தச் செலவை 100 ரூபாவாக வைத்தால், காரும் புத்தகமும் 20, துருவை வெட்டித் தகடு போட்டது 34, இஞ்சினும் கியரும் 22, பிரேக்கும் ரிம்மும் டயரும் 12, பெயின்ற் 7, மீதி 5. பார்ப்பவர் கண்ணுக்குப் படுவது விளக்கும் டயரும். பணம் போனது யாருக்கும் தெரியாத தகட்டுக்கு. இதில் என்னுடைய நேரம் சேரவில்லை. அதைவிட முக்கியமானது, கடையில் இதே பணம் வருடத்துக்கு நான்கு தடவை புரள்கிறது. மூன்று வருடத்தில் பன்னிரண்டு புரளல். ஒவ்வொரு புரளலிலும் சிறு இலாபம் என்றாலும், கார் விற்று வரும் இலாபம் அதை எட்டாது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றபோது பழைய வாகனங்கள் பொன் விலை போனது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் கதவு திறந்தது. அரசாங்கம் ஒரு வர்த்தமானியில் ஏற்றி இறக்கக்கூடிய விலையை நம்பி மூன்று வருட வேலை தொடங்குவதை நான் எவருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன்.

வெள்ளைக் கூரை அடித்து முடித்த கிழமையில் தரகர் ஒருவர் வந்தார். நல்ல மனிதர்தான், தொழில் தெரிந்தவர். "இதை அசல் கூப்பர் எஸ் என்றே சொல்லுங்க. சேஸிப் பிளேற் அடிச்சுத் தாறதுக்கு ஆள் இருக்கு. விலை இரட்டிக்கும்" என்றார். அவர் சொன்ன கணக்கு தவறல்ல. அசலுக்கும் பிரதிக்கும் விலை வித்தியாசம் உலகெங்கும் மிகப் பெரியது. அதனால்தான் இங்கிலாந்தில் தொழிற்சாலைப் பதிவேட்டைப் பார்த்து, இந்த இலக்கத்தில் என்ன கார் வெளியே போனது என்று சான்றிதழ் கொடுக்கிறார்கள். வாங்குபவர் ஒரு நாள் அந்தச் சான்றிதழைக் கேட்கத்தான் செய்வார். ஈரப் பொருளை உள்ளே வைத்து உலர்ந்ததை மேலே காட்டும் வியாபாரம் நமக்கு ஆகாது என்பதைத் தரகருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை, அவரே சிரித்துக்கொண்டு எழும்பினார். விலை கேட்டு வருபவர்களிடம் நான் கொடுக்கும் தாளில் முதல் வரி இதுதான்: "850 மினி பொடியில் 1275 இஞ்சின் ஏற்றிச் செய்த பிரதி." மாற்றிய தகடுகளின் பட்டியலும் படங்களும் அதற்குப் பின்னால்.

அப்படியானால் வியாபாரம் எங்கே? மூன்று நாள் எடுத்த தகடு ஒன்றரை நாளுக்கு வந்ததே, அங்கேதான். முதல் சில் தகட்டைச் செய்யும்போது மரத்தில் ஒரு அச்சும் இரும்பில் ஒரு மடிப்புச் சட்டமும் செய்தோம். காருக்குத் தேவையானது இரண்டு தகடு. அச்சு இருநூறுக்கும் தாங்கும். பழைய கார் வைத்திருப்பவர்கள் நாடெங்கும் இதே தகட்டுக்கு அலைகிறார்கள்.

இது என் கண்டுபிடிப்பல்ல. இங்கிலாந்தின் பாத் நகரில் மொரிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வேர், 1990களின் தொடக்கத்தில் நம் நாட்டவரான தனபால சமரசேகரவுடன் சேர்ந்து டியூரபிள் கார் கம்பனி என்ற பெயரில் இங்கே மொரிஸ் மைனர் பாகங்களைச் செய்வித்து இங்கிலாந்துக்கே அனுப்பினார். உற்பத்தி 1971இல் நின்றுபோன கார் அது. பெரிய தொழிற்சாலைக்குக் கட்டுப்படியாகாத சிறு தொகையைக் கைவேலை தெரிந்தவர்களால் செய்ய முடியும் என்பதை அவர்கள் கண்டார்கள். கைவேலை தெரிந்த டிங்கர்மார் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் ஓட்டமாவடியிலும் இல்லையா? இருக்கிறார்கள், கேற் செய்துகொண்டிருக்கிறார்கள்.

என் அச்சில் செய்த சில் தகடுகள் இதுவரை கண்டிக்கும் குருநாகலுக்கும் பஸ் பார்சலில் போயிருக்கின்றன. பணம் முன்கூட்டியே வருகிறது, கடன் இல்லை, கையிருப்பு இல்லை, தகடு வாங்கிய ஐந்தாம் நாள் காசு. பிறர் வாகனத்துக்கான வேலையைக் காசுக்குச் செய்யத் தொடங்கியதும் நகர சபையில் வியாபார உரிமம் எடுத்தேன். இதில் இறங்க நினைப்பவர்கள் காரை வாங்குமுன் அதையும் ஒரு நாளையில் விசாரித்துக்கொள்வது நல்லது. சிவப்புக் கார் கராஜில் நிற்கிறது. இரண்டு பேர் தாளை வாங்கிப் போயிருக்கிறார்கள். பாஸும் நானும் இப்போது டிக்கியின் பற்றறிப் பள்ளத்துக்கு அச்சு வெட்டிக்கொண்டிருக்கிறோம், மாரி தொடங்குமுன் பத்துத் தகடு அனுப்ப வேண்டியிருக்கிறது.