சபையில் ஒரு விகர்ணன்

பள்ளிக்கூடத் திண்ணை – 9

"சும்மா ஓட்டினேன் சார்." பட்டப்பெயர் வைத்தவனைக் கூப்பிட்டு விசாரித்தால் கிடைக்கும் பதிலைச் சென்ற வாரம் பார்த்தோம். கேலிக்கு ஆளான பிள்ளைக்குத் தைரியம் ஊட்டுவது எப்படி என்று இந்த வாரம் எழுதுவேன் எனச் சிலர் எதிர்பார்த்திருக்கலாம். எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. நொந்துபோனவன் தலையிலேயே இன்னொரு வேலையையும் கட்டுவானேன்? பயிற்சி வேண்டியது சுற்றி நின்று சிரித்தவர்களுக்கு.

கனடாவில் பள்ளி மைதானங்களைப் படம்பிடித்து ஆராய்ந்து, 2001-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சீண்டல் நடந்த சம்பவங்களில் 88 சதவீதத்தில் மற்ற பிள்ளைகள் பக்கத்திலேயே இருந்தார்கள். யாராவது குறுக்கிட்டது 19 சதவீதத்தில்தான். ஆனால் அப்படிக் குறுக்கிட்டபோது, பாதிக்கு மேற்பட்ட தடவை பத்தே விநாடிக்குள் சீண்டல் நின்றுபோனது. பத்து விநாடி! வாத்தியார் பிரம்பைத் தேடி எடுக்கவே அதைவிட நேரமாகும்.

இதைச் சித்தூர் மாவட்டத்து வெதுருகுப்பத்தில் சொல்வதென்றால் கனடா தேவையில்லை. கோடை வந்தால் இந்தச் சீமையில் பாரத விழா. தர்மராஜா கோயில், திரௌபதி கோயில் உள்ள ஊர்களில் பகலில் அரிகதை, இரவில் தெருக்கூத்து, கடைசியில் மண்ணில் செய்து கிடத்திய துரியோதனன். புத்தூர்த் தீமிதிக்குக் கூடும் கூட்டத்தை இந்தப் பக்கத்தார் அறிவார்கள். துகிலுரியும் காட்சியைத் தூக்கக் கலக்கத்திலாவது பார்க்காத பிள்ளைகள் இங்கே குறைவு. அந்தக் காட்சி வேறென்ன? ஒருத்தியை நடுவில் நிறுத்தி நாலு பேர் ஆடிய ஆட்டம். மற்றவர்கள் உட்கார்ந்து பார்த்தார்கள். பீஷ்மர் தருமம் நுட்பமானது என்றார். விதுரன் பேசினான், கேட்பாரில்லை. கௌரவர்களிலேயே ஒருவன், விகர்ணன், எழுந்து இது தவறு என்றான். சபையில் பாராட்டுக் குரல்கூட எழுந்தது என்கிறது வியாச பாரதம். சபாஷ் போட்டார்களே தவிர, அவன் பக்கத்தில் போய் ஒருவரும் நிற்கவில்லை. சிறுபிள்ளை என்று சொல்லிக் கர்ணன் அவன் வாயை அடைத்துவிட்டான். வகுப்பறையில் நடப்பதும் அச்சு அசலாக இதுதான்.

விகர்ணனுக்குத் துணையாக இன்னும் இரண்டு பேர் எழுந்திருந்தால்? கூத்தில் இந்தக் கேள்விக்கு இடமில்லை. கண்ணன் சேலை தந்தாக வேண்டும். அகஸ்டோ போவால் கண்டுபிடித்த நாடகத்தில் இடம் உண்டு. பிரேசில்காரர். ராணுவ ஆட்சி 1971-ல் அவரைப் பிடித்துச் சித்திரவதை செய்து நாட்டைவிட்டுத் துரத்தியது. 1973-ல் பெரு நாட்டில் எழுத்தறிவுத் திட்டமொன்றில் வேலை செய்தார். பார்வையாளர் யோசனை சொல்ல, நடிகர்கள் அதை நடித்துக் காட்டுவது அப்போதைய முறை. ஏமாற்றிய கணவனை என்ன செய்வது என்று ஒரு பெண் சொன்னது நடிகர்களுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. பொறுமை இழந்து அவளே மேடையேறித் துடைப்பத்தை எடுத்து விளாசினாள். பார்வையாளரே நடிகராகும் மன்ற நாடகம் அங்கிருந்துதான் கிளம்பியது என்று போவால் சொல்லிவந்தார். நம் நாட்டில் 1985-ல் தொடங்கிய ஜன சம்ஸ்கிருதி குழு மேற்கு வங்கக் கிராமங்களில் இதைச் செய்துவருகிறது.

விதி எளிது. ஒரு கதையைக் கெட்ட முடிவுவரை ஒருமுறை நடித்துவிடுவார்கள். மறுபடி தொடங்கும்போது கூட்டத்தில் யார் வேண்டுமானாலும் "நிறுத்து" என்று கத்திவிட்டு உள்ளே போய் மாற்றி நடிக்கலாம். நடிகர்களுக்கும் கூட்டத்துக்கும் நடுவில் நின்று நடத்துபவரை போவால் ஜோக்கர் என்றார். நம் கூத்தில் கட்டியங்காரன் இருக்கிறான்.

போவாலின் விதிப்படி முதலில் மாற்றவேண்டியது ஒடுக்கப்பட்டவரின் வேடத்தை. பள்ளிக்கூடத்தில் நான் அதை மீறச் சொல்வேன்: வேடிக்கை பார்த்தவனை மாற்றுங்கள். அவன் ஒன்றும் வீராவேசமாகப் பேச வேண்டியதில்லை. "டேய், வா, மணி அடிச்சாச்சு" என்று அடிபடுபவனைக் கையைப் பிடித்து இழுத்துப் போகலாம். சிரிக்காமல் இருக்கலாம், அதுவே பாதி ஆட்டத்தைக் கலைத்துவிடும்.

வீட்டில் தமிழும் பள்ளியில் தெலுங்குமாக இருக்கும் எல்லையோரப் பிள்ளை பேசவே கூசும். அதன் உச்சரிப்பையே கேலி செய்வார்கள். அதற்கும் வழி உண்டு. பல மொழி மக்களிடையே வேலை செய்த போவால், பேச்சில்லாமல் உடம்பாலேயே சிலைபோல் நின்று காட்டும் முறையையும் பயன்படுத்தினார். இல்லையென்றால் வரையட்டும். காளஹஸ்தி கலம்காரித் துணியில் ராமாயணம் கட்டம் கட்டமாக ஓடுவதுபோல் நடந்ததை நாலு கட்டத்தில் வரையச் சொல்லி, ஒவ்வொரு கட்டத்திலும் சுற்றி நின்ற அத்தனை முகங்களையும் போடச் சொல்லுங்கள். பிறகு ஒரே கேள்வி: இதில் நீ எங்கே?

இதெல்லாம் செல்லாத இடமும் உண்டு. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் சக மாணவர்கள் தந்த தொல்லையைப் பள்ளியில் சொன்ன பட்டியல் சாதி மாணவன், வீட்டிலேயே வெட்டப்பட்டான். காப்பாற்ற வந்த தங்கைக்கும் வெட்டு. அதையொட்டி அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்து, கையில் சாதிக் கயிறு கட்டக்கூடாது என்பதுவரை பரிந்துரைத்தது. அரிவாள் எடுக்கத் துணிந்த சாதியின் முன்னால் பதின்மூன்று வயது விகர்ணனை எழுந்து நில் என்று ஏவுவது அயோக்கியத்தனம். அங்கே எழ வேண்டியவர்கள் பீஷ்மரும் துரோணரும். ஆகவே பள்ளியில் இந்த நாடகத்தை நடத்துகிறவர்களுக்கு ஒரு நிபந்தனை: தலைமையாசிரியர் தொடக்க உரை ஆற்றிவிட்டுக் காரில் ஏறக்கூடாது. வேடம் கட்ட வேண்டும், அதுவும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த பையனாக.

(தொடரும்)