கிளட்ச் தேய்ந்தால் ஆயில் ஏறும்

டிஸ்க் பிரேக் உள்ள பைக்கில் பேட் தேயத் தேய, ஹேண்டில்பாரில் இருக்கும் சின்ன ஆயில் டப்பாவில் மட்டம் இறங்கிக்கொண்டே வரும். இது பலருக்கும் தெரிந்த விஷயம். மலையிலும் சேற்றிலும் ஓட்டுவதற்கென்றே செய்யப்பட்ட எண்டியூரோ பைக்குகள் பலவற்றில், ஹேண்டில்பாரின் இடது பக்கமும் அதே மாதிரி ஒரு டப்பா இருக்கும். அது ஹைட்ராலிக் கிளட்சுக்கானது. அங்கே நடப்பது நேர் எதிர். கிளட்ச் பிளேட் தேயத் தேய, யாரும் ஊற்றாமலே ஆயில் மட்டம் ஏறும்!

காரணம் எளிது. லீவரைப் பிடித்ததும், அதோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் ஆயிலைத் தள்ளுகிறது. ஆயில் குழாய் வழியே இறங்கி, இன்ஜினின் இடது பக்கம், செயின் ஸ்பிராக்கெட்டுக்கு அருகில் இருக்கும் ஸ்லேவ் சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ளுகிறது. அது ஒரு மெல்லிய கம்பியைத் தள்ள, வலது பக்கக் கிளட்சில் ஸ்பிரிங்குகள் அழுத்திப் பிடித்திருக்கும் பிரஷர் பிளேட் விலகுகிறது. பிளேட்டுகள் தேய்ந்து அடுக்கு மெலியும்போது பிரஷர் பிளேட் உள்வாங்கும். கம்பியும் அதோடு பின்னுக்கு வந்து ஸ்லேவ் பிஸ்டனை உள்ளே தள்ளும். அங்கிருந்த ஆயில் போக இடம் தேடி மேலே டப்பாவுக்குத் திரும்பும்.

கேபிள் கிளட்சில் பிளேட் தேய்ந்தால் லீவரின் ஆட்டம் மாறும், கையே சொல்லிவிடும். ஹைட்ராலிக்கில் லீவர் என்றும் ஒரே மாதிரிதான் இருக்கும், தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும். கேபிளையே பிடித்துக்கொண்டிருந்த ஜப்பானிய மோட்டோகிராஸ் பைக்குகளில் கவாசாகி கேஎக்ஸ்450 2019 மாடலிலும், ஹோண்டா சிஆர்எஃப்450ஆர் 2021 மாடலிலும் ஹைட்ராலிக்குக்கு மாறியதற்கு இந்தச் சௌகரியம் முக்கியமான ஈர்ப்பு. ஆனால் அதே சௌகரியம்தான் தேய்மானத்தைக் கையிடமிருந்து மறைக்கிறது. டப்பாவின் மட்டத்தில் மட்டும் அது தெரியும். டப்பாவை விளிம்புவரை நிரப்பிவிட்டால், திரும்பி வரும் ஆயிலுக்கு இடமிருக்காது. ஸ்லேவ் பிஸ்டன் பின்வாங்க முடியாமல் பிளேட்டுகளைச் சற்றே விலக்கிப் பிடித்திருக்கும். இன்ஜின் அலறும், வண்டி ஏறாது.

இந்தக் கிளட்ச் வேலை செய்யும் அளவுகள் எனக்கு இன்றும் வியப்பு. மாஸ்டர் பிஸ்டன் 10 மி.மீ. விட்டம், ஸ்லேவ் பிஸ்டன் 28 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். அடைபட்ட திரவத்தில் அழுத்தம் எல்லாத் திசையிலும் ஒரே அளவாகப் பரவும் என்ற பாஸ்கல் விதிப்படி, விசை ஏறத்தாழ 8 மடங்காகிறது. அதற்கு விலையாக நகர்வு எட்டில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. மேலே 12 மி.மீ. தள்ளினால் கீழே 1.5 மி.மீ. நகரும். இதற்கு ஓடும் ஆயில் ஒரு மில்லிலிட்டர்கூடக் கிடையாது! இதில் 0.3 மி.லி. காற்று புகுந்தால் என்னாகும்? லீவரைப் பிடித்ததும் காற்றுக் குமிழி ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் சுருங்கிவிடும். தள்ளிய தூரத்தில் மூன்றில் ஒரு பங்கு வீண். லீவர் மெத்தென்று போகும், கியரில் நின்றிருக்கும் வண்டி முன்னே இழுக்கும், நியூட்ரல் விழாது. நாலைந்து முறை பம்ப் செய்தால் லீவர் இறுகுகிறதா? அப்படியானால் காற்றுதான். காற்று மேலே போகத்தான் பார்க்கும் என்பதால், கீழே ஸ்லேவில் காற்றை வெளியேற்ற இருக்கும் நிப்பிளில் சிரிஞ்சை மாட்டி ஆயிலை மேல்நோக்கித் தள்ளுவதே நல்ல வழி. குமிழியும் போக நினைத்த திசையிலேயே போய்விடும்.

சூடு ஏறினால்தான் கோளாறு தந்திரமாகிறது. ஆஸ்திரியாவின் ஐசனெர்ட்ஸ் ஊரில், இரும்புத் தாது வெட்டும் எர்ட்ஸ்பெர்க் மலையில் 1995 முதல் நடக்கும் எர்ட்ஸ்பெர்க் ரோடியோவை நினைத்துப் பாருங்கள். இறுதிப் பந்தயத்தில் 500 பேர் கிளம்புவார்கள், அவகாசம் 4 மணி நேரம். பாறைக் குவியலில் ஒவ்வொரு கல்லுக்கும் கிளட்சைப் பாதி பிடித்துப் பாதி விட்டுத்தான் ஏற முடியும். பிளேட்டுகள் உரசிக் கொதிக்க, அந்தச் சூடு ஸ்லேவ் சிலிண்டருக்கும் வரும். பல கிளட்சுகளில் ஊற்றும் டாட் 4 பிரேக் ஆயில் புதிதாக இருக்கையில் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரத்தை உறிஞ்சி 3.7 சதவீதம் நீர் சேர்ந்துவிட்டால், அந்தக் குறைந்தபட்ச அளவு 155 டிகிரிதான். பழைய ஆயில் ஆவியாகிக் குமிழி விட்டால் லீவர் வெறுமையாக ஹேண்டிலைத் தொடும். ஆறியதும் ஆவி மறுபடி திரவமாகிவிடும், லீவரும் ஒன்றுமே நடக்காதது போல இருக்கும். மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் 'நல்லாத்தானே இருக்கு' என்பார்.

இதே சூட்டில் எதிர்மாறான கோளாறும் வரும். லீவரை விட்டதும் மாஸ்டர் சிலிண்டரில் ஒரு நுண்துளை திறந்து டப்பாவோடு தொடர்பு தர வேண்டும். துளையை அழுக்கு அடைத்தாலோ, லீவருக்கு ஆட்டமே இல்லாமல் இறுக்கி வைத்தாலோ, சூட்டில் விரியும் ஆயிலுக்கு வழி கிடைக்காது. அது ஸ்லேவைத் தள்ள, கிளட்ச் ஸ்லிப் ஆகும். இதைக் கண்டுபிடிக்க வண்டி சூடாக இருக்கும்போதே, கண்ணையும் கையையும் காத்துக்கொண்டு, நிப்பிளை இம்மியளவு தளர்த்துங்கள். ஆயில் பீய்ச்சி, கிளட்ச் உடனே பிடித்துக்கொண்டால், குற்றவாளி பிளேட் இல்லை.

லீவரைப் பிடித்தபடியே இருக்கும்போது அது மெல்ல மெல்ல அமிழ்ந்தால், மாஸ்டருக்குள் ரப்பர் சீல் தேய்ந்து ஆயில் பின்னால் நழுவுகிறது. வெளியே ஒரு சொட்டும் தெரியாது. ஸ்பிராக்கெட் பக்கம் கசிவு தெரிந்தால் அது ஸ்லேவிலிருந்தும் வரலாம், தள்ளுகம்பியின் சீல் வழியே கியர் ஆயிலாகவும் வரலாம். சேறு அப்பியிருக்கும்போது இரண்டும் ஒரே கறுப்புதான். சுத்தமாகத் துடைத்து, புதிதாகக் கசிந்ததில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விடுங்கள். பிரேக் ஆயில் கரைந்துபோகும், கியர் ஆயில் மிதக்கும். ஆனால் பிரெம்போ கம்பெனியின் கிளட்சில் பிரேக் ஆயில் என்றால், மகுரா கம்பெனியின் கிளட்சில் பெரும்பாலும் மினரல் ஆயில். அதுவும் மிதக்கத்தான் செய்யும். ஊற்றுவதற்கு முன் டப்பாவின் மூடியைப் படிப்பது அதைவிட அவசியம். பிரேக் ஆயிலுக்கான ரப்பர் சீலில் மினரல் ஆயில் பட்டால் ஊதிப் பெருத்து வீணாகிவிடும்.

லீவர் உறுதியாக இருக்கிறது, அமிழவில்லை, மட்டமும் சரி, ஆனாலும் வண்டி இழுக்கிறதா? ஹைட்ராலிக்கை விட்டுவிடுங்கள். இன்ஜினின் வலது மூடியைக் கழற்றி, பிளேட்டுகளை வெளியே எடுத்து, அவை உட்கார்ந்திருந்த கிளட்ச் பாஸ்கெட்டின் விரல்களில் நகத்தால் தடவிப் பாருங்கள். பிளேட்டின் காதுகள் இடித்து இடித்து அங்கே வரிசையாகப் பள்ளம் விழுந்திருந்தால் நகம் சிக்கும். பிளேட்டுகளும் அந்தப் பள்ளங்களில்தான் சிக்கி, விலக மறுக்கின்றன. மேலோட்டமான பள்ளமென்றால் நைசான அரத்தால் தேய்த்துச் சமமாக்கலாம். ஆழமாகிவிட்டால் பாஸ்கெட்டையே மாற்ற வேண்டும்.