தெருப் பிள்ளைக்குச் சாட்சி சொல்பவர்

திண்டிவனத்தில் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையும், புதுச்சேரிச் சாலையும், செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்குப் போகும் சாலையும் கூடுகின்றன. ரயிலும் நிற்கிறது. வழிகள் கூடும் ஊரில், வீட்டை விட்டு வந்த பிள்ளைகளும் வேலைக்கு அழைத்துச் செல்லப்படும் பிள்ளைகளும் கடந்துபோகாமல் இருக்க மாட்டார்கள். சுற்றியுள்ள செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் முன்பணம் வாங்கிய இருளர் குடும்பங்கள் பிள்ளைகளோடு தங்கி உழைத்ததும், சிலரின் பிள்ளைகள் வாத்து மேய்க்க விடப்பட்டதும் இந்த வட்டாரம் அறியாத கதையல்ல. கடனுக்கு ஈடாக வாத்து மேய்க்க விடப்பட்ட ஆந்திர யானாதிப் பழங்குடிச் சிறுவன் ஒருவன் காஞ்சிபுரம் அருகே பாலாற்றங்கரையில் ரகசியமாகப் புதைக்கப்பட்டிருந்தது 2025இல்தான் வெளியே தெரிந்தது. பையன் ஓடிவிட்டான் என்று தாயிடம் சொல்லியிருந்தார்கள். இத்தகைய பிள்ளைக்கு வக்கீல் வைக்கவோ, வாய்தாவுக்கு வாய்தா கோர்ட் வாசலில் நிற்கவோ வீட்டில் ஆளிருக்காது. அவனைப் பார்த்து, விசாரித்து, புகார் எழுதிய ஒரு களப்பணியாளர்தான் அவன் வழக்கின் முழு பலமும். எதிர்த்தரப்புக்கும் இது தெரியும். பிள்ளையைத் தொடுவதைவிட அந்த ஆளை மிரட்டுவது சுலபம், செலவும் குறைவு. ஆகவே இப்படிப்பட்ட மனித உரிமைக் காப்பாளரின் பாதுகாப்பைப் பிள்ளையின் உரிமையிலிருந்து பிரித்துப் பேச முடியாது என்பதே என் வாதம்.

சட்டம் இந்த ஆளை வெறும் தன்னார்வலராகப் பார்க்கவில்லை. போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் நடந்ததை அறிந்த எவரும் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்காவிட்டால் 21ஆம் பிரிவில் 6 மாதம் வரை சிறை. ஆதரவின்றித் தனியே காணப்படும் குழந்தையைப் பற்றி 24 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும் என்கிறது 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். தராவிட்டால் 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். இப்படிக் கட்டாயப்படுத்திச் சொல்ல வைக்கும் சட்டம், சொன்ன பிறகு என்ன தருகிறது? நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவர் மீது சிவில், கிரிமினல் பொறுப்பு எதுவும் சாராது என்று போக்சோ 19(7) உறுதி கூறுகிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது வழக்கிலிருந்து மட்டுமே காக்கும். இரவில் வீட்டுக்கு முன்னால் வந்து நிற்கும் நான்கு பேரிடமிருந்து காக்காது.

அதற்கென ஒரு திட்டம் உண்டு. 2018 டிசம்பர் 5 அன்று மகேந்தர் சாவ்லா வழக்கில் உச்ச நீதிமன்றம் சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தை ஏற்று நாடு முழுவதற்கும் சட்டமாக்கியது. குற்றம் பற்றிய தகவலோ ஆவணமோ வைத்திருக்கும் எவரும் அதன் கண்ணில் சாட்சிதான். மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவிடம் மனு செய்ய வேண்டும். 5 வேலை நாட்களில் டி.எஸ்.பி. நிலை அதிகாரி அச்சுறுத்தல் அறிக்கை தர வேண்டும். அவசரமென்றால் இடைக்காலப் பாதுகாப்பும் உண்டு. ஆனால் இதில் ஓர் ஓட்டை இருக்கிறது. பெண்களின் மானத்துக்கு எதிரான சில குற்றங்களைத் தவிர, 7 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை விதிக்கக்கூடிய குற்றங்களுக்குத்தான் 2018 திட்டம் பொருந்தும். பிள்ளையைப் பிச்சை எடுக்க வைத்தால் இளைஞர் நீதிச் சட்டத்தின் 76ஆம் பிரிவில் 5 ஆண்டு வரை. அடிமைபோல் வேலை வாங்கினால் 79ஆம் பிரிவில் அதே 5 ஆண்டு வரை. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்திலோ 3 ஆண்டு வரை சிறையும் 2,000 ரூபாய் வரை அபராதமும்தான். தெருப் பிள்ளைகளின் அன்றாட வழக்குகள் இவை. மூன்றுமே திட்டத்தின் வாசற்படிக்கு வெளியே நின்றுவிடுகின்றன. ஆகையால் எஃப்.ஐ.ஆரில் என்ன பிரிவு போடுகிறார்கள் என்பதே காப்பாளரின் பாதுகாப்பையும் முடிவு செய்கிறது. பிள்ளையை ஏமாற்றியோ மிரட்டியோ பணம் கொடுத்தோ சுரண்டலுக்கு அழைத்து வந்ததற்கு ஆதாரம் இருந்தால், அது ஆள்கடத்தல். பாரதிய நியாய சம்ஹிதையின் 143ஆம் பிரிவில் குழந்தைக் கடத்தலுக்குக் குறைந்தது 10 ஆண்டு. ஆதாரத்தை முதல் புகாரிலேயே எழுதி இந்தப் பிரிவைக் கேட்பது பிள்ளைக்கு நியாயம், எழுதியவருக்கும் கவசம்.

இந்த வட்டாரத்தில் இன்னொரு வழியும் உண்டு, அதை யாரும் அதிகம் பேசுவதில்லை. பாதிக்கப்பட்ட பிள்ளை இருளராகவோ வேறு பட்டியல் சாதி, பழங்குடியினராகவோ இருந்து, குற்றம் சாட்டப்பட்டவர் அவ்வாறில்லாமல் இருந்தால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2016 முதல் நடைமுறையில் உள்ள 15ஏ பிரிவு உதவும். மிரட்டல், ஆசை காட்டல், வன்முறை ஆகியவற்றிலிருந்து சாட்சிகளைக் காப்பது அரசின் கடமை என்கிறது அது. தொண்டு நிறுவனங்கள், சமூகப் பணியாளர்கள், வழக்கறிஞர்கள் ஆகியோரின் உதவியைப் பெறுவது பாதிக்கப்பட்டவரின் உரிமை என்றும் அதே பிரிவு சொல்கிறது. “நீ யார், உனக்கென்ன வேலை?” என்று ஸ்டேஷனில் கேட்டால், இதைவிட நேரான பதில் சட்டப் புத்தகத்தில் இல்லை. ஆனால் கையில் சாதிச் சான்றிதழ் இல்லாத இருளர் குடும்பத்துக்கு இந்தக் கதவு எளிதில் திறக்காது. திண்டிவனத்தில் பழங்குடிச் சான்றும், கொத்தடிமை விடுவிப்புச் சான்றும் ஒரே சார் ஆட்சியர் அலுவலகத்தில்தான் கிடைக்க வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் மனுவாகக் கொடுப்பதில் தவறில்லை.

இந்தக் கதவுகளைத் தட்டித் தழும்பேறிய கைகள் இந்த ஊரிலேயே உண்டு. 1993இல் அத்தியூரில் இருளர் சிறுமி ஒருத்தி புதுச்சேரி போலீஸாரால் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானதாக எழுந்த வழக்கைத் திண்டிவனம் பேராசிரியர் பிரபா கல்விமணி விடாமல் நடத்தினார். பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் அந்தப் போராட்டத்தின் தொடர்ச்சி. 2006இல் விழுப்புரம் நீதிமன்றம் 6 போலீஸாருக்குத் தண்டனை விதித்தது. 2008இல் உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. முடிவு எதுவானாலும், இத்தனை ஆண்டுகள் சாட்சிகள் சிதறாமல் நின்றால்தான் இப்படி ஒரு வழக்கு தீர்ப்பு வரை போகும். சாட்சியைக் காக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பிரேசில் உதாரணம். அங்கே அதே 1993 ஜூலையில் கேண்டலேரியா தேவாலயத்தின் அருகே தூங்கிய 8 தெரு இளையோர் கொல்லப்பட்டனர். தப்பிய முக்கியச் சாட்சி மறு ஆண்டில் மீண்டும் சுடப்பட்டு, நாட்டை விட்டே போக நேர்ந்தது. அந்நாடு 2004இல் மனித உரிமைக் காப்பாளர்களுக்கெனத் தனித் திட்டம் தொடங்கியது. இங்கே அப்படித் தனித் திட்டம் இல்லை.

தொண்டு என்ற பெயரில் சுரண்டுபவர்களுக்கும் கவசம் கொடுக்கச் சொல்கிறீர்களா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் அன்பு ஜோதி ஆசிரமம் உரிய அனுமதியின்றி நடந்ததும், அங்கிருந்தவர்கள் மீதான கொடுமைகள் பற்றிய புகார்களும் வெளிவந்து வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. ஆனால் அதை வெளியே கொண்டுவந்தது ஓர் ஆட்கொணர்வு மனு, அதாவது காணாமல் போன ஒருவருக்காக வெளியிலிருந்து வந்த கேள்வி. இல்லங்களுக்குள் நடப்பதைக் கேட்பவருக்கும் பாதுகாப்பு வேண்டும் என்பதைத்தான் அது காட்டுகிறது. 1998 டிசம்பர் 9இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற பிரகடனமும் காப்பாளர் என்பதை ஒரு பதவியாகப் பார்க்கவில்லை, அமைதியான வழியில் உரிமைக்காக ஒருவர் செய்யும் செயலாகவே பார்க்கிறது. பாதுகாப்பு அந்தச் செயலுக்கு. பதிவில்லாத இல்லம் நடத்துபவர் மீது இளைஞர் நீதிச் சட்டத்தின் 42ஆம் பிரிவு தாராளமாகப் பாயட்டும். எல்லாக் குடிமக்களுக்கும் உள்ள போலீஸ் பாதுகாப்பு இவர்களுக்குப் போதாதா என்ற இன்னொரு கேள்விக்கு, எல்லாக் குடிமக்களும் அன்றாடம் புகார் எழுதியே ஆக வேண்டிய இடத்தில் நிற்பதில்லையே என்பதே விடை.

மிரட்டல் பெரும்பாலும் அரிவாளோடு வருவதில்லை, எதிர்வழக்காக வருகிறது. “பிள்ளையைக் கடத்திவிட்டார்” என்பது அதில் எளிதானது. அதனால் மீட்ட நேரத்தையும் இடத்தையும் எழுதி, குழந்தைகள் உதவி எண் 1098க்குச் சொல்லி, பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்திவிட வேண்டும். தன் வீட்டிலோ அலுவலகத்திலோ ஒரு நாள் கூடுதலாக வைத்திருப்பது கருணையாகத் தோன்றினாலும், எதிராளி கையில் கொடுத்த ஆயுதம் அது. பிள்ளையின் படத்தையும் பெயரையும் வாட்ஸ்ஆப்பில் போடுவதும் அப்படியே, இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவில் குற்றம். ஸ்டேஷனில் புகாரை வாங்கினால் சி.எஸ்.ஆர். ரசீது கேட்க வேண்டும். எஃப்.ஐ.ஆர். போட மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பி, அடுத்து மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். சம்பவம் புதுச்சேரி எல்லைக்குள் நடந்தது என்று கைவிரித்தால், எந்த ஸ்டேஷனிலும் ஜீரோ எஃப்.ஐ.ஆர். போடலாம் என்பதை நினைவூட்டலாம். மிரட்டுவதே போலீஸ் என்றால் மனித உரிமை ஆணையத்துக்கு எழுத வேண்டும். தேசிய ஆணையத்தில் காப்பாளர்களுக்கெனத் தனித் தொடர்பு அதிகாரி உண்டு. ஆனால் மாநில ஆணையத்தில் நிலுவையில் உள்ளதைத் தேசிய ஆணையம் விசாரிக்காது. எனவே எங்கே அனுப்புவது என்று முதலிலேயே தீர்மானித்துவிடுவது நல்லது. சம்பவம் நடந்து ஓராண்டு கழிந்த புகாரை ஆணையம் எடுக்க முடியாது. அந்த ஓராண்டு முதல் மிரட்டல் வந்த நாளிலிருந்தே ஓடத் தொடங்கிவிடுகிறது.