வி.பி.என். போட்டா வந்துடுமா?

ஒரு வெப்சைட்டை முடக்கினா வி.பி.என். போட்டுப் பார்த்துக்கலாம்னு நினைப்பீங்க. சரி, டேட்டாவையே நிறுத்திட்டா? வி.பி.என். ஓடவும் ஒரு இணைப்பு வேணுமே!

2018 மே 22. தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான ஊர்வலம் துப்பாக்கிச்சூட்டில் முடிந்தது. மொத்தம் 13 பேர் உயிரிழந்தனர். மறுநாளே தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் ஐந்து நாளுக்கு இணையத்தை நிறுத்த உள்துறை உத்தரவிட்டது. சமூக வலைதளங்களில் வதந்தி பரவுதாம். முப்பது கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிற நம்ம ஆழ்வார்திருநகரிக்கும் சேர்த்துத்தான் தடை. வதந்தி நின்னுச்சோ இல்லையோ, வந்த செய்தி நிஜமான்னு சரிபார்க்கிற வழி நின்னுபோச்சு.

இப்படி நிறுத்துவதற்கு அப்போ 2017-ல் வந்த விதிகள் இருந்துச்சு. உத்தரவு சரிதானான்னு பார்க்க மறுஆய்வுக் குழுவும் உண்டு (அதுல இருக்கிறவங்களும் அரசுச் செயலாளர்கள்தான்!). குழு கூட ஐந்து வேலை நாள் அவகாசம். மே 23 புதன்கிழமை. சனி, ஞாயிறைக் கழிச்சு எண்ணிப் பாருங்க. குழுவின் கெடு முடியறதுக்குள்ள, மே 27-லேயே தடைக்காலம் முடிஞ்சிடுது. அப்புறம் எதை மறுஆய்வு செய்ய?

இந்த உத்தரவுகளை வெளியிட்டே ஆகணும், பாதிக்கப்பட்டவர் வழக்குப் போட வழி வேணும்னு 2020 ஜனவரியில், காஷ்மீர் தடை தொடர்பான அனுராதா பாசின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2024-ல் விதிகளைப் புதுசா எழுதினப்போ, வெளியிடணும்கிறதைச் சேர்த்தாங்க. குழு கூடறதுக்கான அவகாசம் மட்டும் இப்பவும் இருக்கு.