மேற்கோளும் மேன்மையும்

மருத்துவ ஆராய்ச்சியாளர் ஒருவரின் தகுதியை எங்ஙனம் அளப்பது? அவர் வெளியிட்ட கட்டுரைகள் எத்தனை, அவற்றைப் பிற அறிஞர் எத்தனை முறை மேற்கோளாக எடுத்தாண்டனர் என்று எண்ணுவது இன்றைய வழக்கம். இவ்விரண்டையும் இணைத்து, ஹிர்ஷ் என்னும் இயற்பியலறிஞர் 2005-ஆம் ஆண்டில் ‘எச்-குறியீடு’ என்னும் அளவையை வகுத்தார். பத்து முறையேனும் எடுத்தாளப்பட்ட கட்டுரைகள் பத்து இருப்பின், அக்குறியீடு 10-க்குக் குறையாது.

இவ்வளவை எப்போதும் பொருந்துமா? கல்கத்தா மருத்துவ அறிஞர் சம்புநாத் தேயை எண்ணிப் பார்ப்போம். காலராக் கிருமிகளை வளர்த்த கரைசலிலிருந்து கிருமிகளை முற்றும் வடிகட்டி நீக்கிய பின்னும், அக்கரைசல் முயலின் குடலில் நீரைப் பெருகச் செய்தது. ஆகவே கேடு விளைப்பது கிருமி வெளியிடும் நஞ்சே என்பதை 1959-இல் ‘நேச்சர்’ இதழில் அவர் காட்டினார். பல ஆண்டுகள் அக்கட்டுரையை எடுத்தாண்டோர் மிகச் சிலரே. 1973-இல் அவர் ஓய்வு பெற்றார். 1978-இல்தான் நோபெல் கருத்தரங்கு ஒன்று அவரை அழைத்துச் சிறப்பித்தது.

மேற்கோள் கணக்குப் பயனற்றதன்று; ஆயினும் அது காலந்தாழ்ந்து வரும் சாட்சி. ஆராய்ச்சியாளருக்குப் பதவியும் பொருளும் வழங்குவோர், எண்ணிக்கையை நோக்குமுன் கட்டுரையைப் படித்தல் வேண்டும். இதனை நாம் மறத்தலாகாது.